பேய் எழுதிய புகார் மனு

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்பது பழமொழி. பேய் இல்லை என்று நிரூபிக்க இக்கட்டுரையை நான் எழுதவில்லை. இயற்பியல் படிக்கும் மாணவனுக்கு அது பெரிய வேலையும் அன்று. பேய்ப்படம் என்றால் அரங்கு நிறைந்துவிடுகிறதே, அந்தப் பேய் எதற்காக வருகிறது என்பதே என் கேள்வி.

நம் படங்களைச் சற்று நினைத்துப் பாருங்கள். வயதாகி, பேரன் பேத்தி எடுத்து, நோயில் படுத்து இறந்தவர் எவரும் திரையில் பேயாக வருவதில்லை. அநியாயமாகக் கொல்லப்பட்டு, யாருக்கும் தெரியாமல் புதைக்கப்பட்டவரே வருகிறார். உயிரோடு இருந்தபோது அவர் சொன்னதை ஊர் கேட்கவில்லை. ஆகவே இறந்த பின் சொல்ல வருகிறார். பேய்க்கதை என்பது கேட்க ஆளில்லாத ஒரு புகார் மனு என்றே சொல்லலாம்.

அத்தகைய மனு ஏறத்தாழ நூறாண்டுக் காலம் மண்ணுக்குள் கிடந்த இடம் ஒன்று உண்டு. அது அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், மரியானா என்னும் சிற்றூரில் இருந்த சிறுவர் சீர்திருத்தப் பள்ளி. அதனை அடிப்படையாக வைத்து ஒரு பேய் நாவலும் ஒரு திரைப்படமும் வந்துள்ளன. அவை கூறும் கதையையும், அதன் பின்னுள்ள வரலாற்றையும், அந்த வரலாற்றை அறிவியல் வெளிக்கொணர்ந்த விதத்தையும் முறையே காண்போம்.

நாவலும் படமும்

டனானரீவ் டியூ என்னும் எழுத்தாளர் 2023இல் வெளியிட்ட நாவல் 'தி ரிஃபார்மட்டரி'. கதை நடப்பது 1950இல். ராபர்ட் பன்னிரண்டு வயதுக் கறுப்பினச் சிறுவன். தன் அக்காளிடம் முறைகேடாக நடந்த வெள்ளையின வாலிபனை உதைத்தான் என்பதற்காகச் சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பப்படுகிறான். அங்கே இறந்த சிறுவர்களின் ஆவிகள் அவன் கண்ணுக்குத் தெரிகின்றன. இதை அறிந்த பள்ளித் தலைவர், அந்த ஆவிகளைப் பிடித்துத் தருமாறு அவனையே ஏவுகிறார். ஏன்? கொலை செய்தவனுக்குப் பேய் என்பது ஒரு சாட்சி. சாட்சியை ஒழிக்க வேண்டுமல்லவா? கதை வளர வளர, செத்தவர்களைவிட உயிரோடிருப்பவர்களே அச்சத்திற்குரியவர்கள் என்பதைச் சிறுவனும் உணர்கிறான், நாமும் உணர்கிறோம். ராபர்ட் என்ற பெயர் கற்பனையன்று. 1937இல், பதினைந்தாம் வயதில், மரியானா பள்ளியில் இறந்துபோன தம் பாட்டனார் முறை உறவினர் ராபர்ட் ஸ்டீஃபன்ஸின் பெயரையே ஆசிரியர் கதைத் தலைவனுக்குச் சூட்டினார்.

கோல்சன் வைட்ஹெட் 2019இல் எழுதிய நாவலைத் தழுவி ராமெல் ராஸ் இயக்கிய படம் 'நிக்கல் பாய்ஸ்' (2024). இதில் பேய் இல்லை. எல்வுட் என்னும் நன்றாகப் படிக்கும் மாணவன், கல்லூரி வகுப்பில் சேர்வதற்காக வழியில் ஒரு காரில் ஏறுகிறான். அது திருட்டுக் கார். ஏறிய குற்றத்திற்காகச் சீர்திருத்தப் பள்ளிக்குப் போகிறான். படத்தின் பெரும்பகுதியில் ஒளிப்பதிவுக் கருவி சிறுவர்களின் கண்ணாகவே இருக்கிறது. அவர்கள் காண்பதையே நாமும் காண்கிறோம். விடுதி அறையில் நண்பர்கள் நால்வர் ஒரு கைப்பேசியைச் சுற்றி அமர்ந்து இப்படத்தைப் பார்த்தோம். முடிந்தபின் வெகுநேரம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. கல்லூரிக்குப் புறப்பட்ட பையன் கல்லூரிக்குப் போய்ச் சேரவில்லை என்பது, எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த எனக்குக் கதையாகத் தோன்றவில்லை.

மரியானாவில் நடந்தது என்ன?

அப்பள்ளி 1900ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் திறக்கப்பட்டது. பெருங்குற்றம் செய்தவர்கள் மட்டும் அங்கே அனுப்பப்படவில்லை. பள்ளிக்கு மட்டம் போட்டவர்கள், வீட்டை விட்டு ஓடியவர்கள், "அடங்காதவர்கள்" என்று முத்திரை குத்தப்பட்டவர்கள் எல்லாரும் அங்கே சென்றனர். மூன்றே ஆண்டுகளில், 1903இல், பார்வையிடச் சென்ற குழுவினர் சிறுவர்கள் விலங்கிடப்பட்டிருப்பதைக் கண்டு அறிக்கை தந்தனர். 1914 நவம்பரில் விடுதிக் கட்டடம் தீப்பற்றியபோது, வெளியேற வழியின்றிச் சிறுவர்கள் கருகி மாண்டனர். 1918இன் விஷக்காய்ச்சல் மேலும் பலரைக் கொண்டுபோயிற்று. கறுப்பினச் சிறுவர்களுக்கும் வெள்ளையினச் சிறுவர்களுக்கும் தனித்தனி வளாகங்கள் இருந்தன.

வளாகத்தில் 'வெள்ளை மாளிகை' என்று சிறுவர்கள் அழைத்த சிறிய கட்டடம் ஒன்று இருந்தது. தோல் வாரினால் அடிக்கும் இடம் அது. அலறல் வெளியே கேட்காதிருக்க ஒரு பெரிய மின்விசிறியை ஓடவிடுவார்கள் என்று அங்கிருந்து மீண்டவர்கள் கூறியுள்ளனர். 1968இல்தான் அங்கே அடிப்பது தடை செய்யப்பட்டது. முதியவர்களாகிவிட்ட அந்தப் பழைய மாணவர்கள் 2008இல் வெளிப்படையாகப் பேசத் தொடங்கினர். 2011 சூன் மாதத்தில் பள்ளி மூடப்பட்டது.

பள்ளியின் இடுகாட்டில் வெள்ளை வண்ணம் பூசிய இரும்புக் குழாய்ச் சிலுவைகள் 31 நின்றன. பெயர்கள் இல்லை. மாநில அரசின் காவல் துறை விசாரித்து, 31 பேரே அங்கே புதைக்கப்பட்டுள்ளனர் என்று முடிவு கூறியது. கணக்கு முடிந்தது என்றுதான் எவரும் நினைப்பர்.

மண்ணின் எதிரொலி

இங்கேதான் அறிவியல் நுழைகிறது. தென் ஃபுளோரிடாப் பல்கலைக்கழக மானிடவியலாளர் எரின் கிம்மர்லே தலைமையில் ஒரு குழு 2012இல் நிலம் ஊடுருவும் ராடாரைக் கொண்டு அவ்விடத்தை ஆராய்ந்தது. இக்கருவி இயங்கும் விதத்தை நம் பாடப்புத்தக அறிவைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம்.

தள்ளுவண்டி போன்ற கருவி ஒன்று தரையின்மேல் உருட்டிச் செல்லப்படும். அது ரேடியோ அலைத்துடிப்பை மண்ணுக்குள் அனுப்பும். மண்ணின் தன்மை மாறும் எல்லையில் அலையின் ஒரு பகுதி திரும்பி வரும். கிணற்றில் கூப்பிட்டால் குரல் திரும்பி வருவதைப் போன்றது இது. வெற்றிடத்தில் ரேடியோ அலை ஒரு நானோ நொடியில் 30 செ.மீ. செல்லும். உலர்ந்த மணலின் ஒப்புமை விடுதிறன் சுமார் 4 ஆகும். அதன் வர்க்கமூலம் 2. ஆகவே உலர்ந்த மணலில் அலையின் வேகம் 15 செ.மீ.யாகக் குறைகிறது. எதிரொலி 20 நானோ நொடியில் திரும்பினால், போகவர ஆன தூரம் 300 செ.மீ.; ஆழம் 150 செ.மீ. அதே மணல் நனைந்து, விடுதிறன் 25 ஆனால், அதே 20 நானோ நொடி 60 செ.மீ. ஆழத்தையே குறிக்கும். எனவே மண்ணின் ஈரத்தை அறியாமல் ஆழத்தைச் சொல்ல இயலாது.

ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். ராடார் எலும்பைக் காட்டுவதில்லை. மண் கலைந்த இடத்தையே காட்டுகிறது. இயற்கையில் மண் அடுக்கடுக்காக அமைந்திருக்கும். குழி வெட்டி மீண்டும் மூடினால் அந்த அடுக்குகள் கலந்துவிடும். எத்தனை ஆண்டு போனாலும் அவை பழையபடி அமைவதில்லை. மரவேரும்கூட இப்படிப்பட்ட எதிரொலியைத் தரலாம். 2019இல் அதே வளாகத்தின் வேறோரிடத்தில் 27 ஐயத்திற்குரிய இடங்கள் ராடாரில் தென்பட்டன. தோண்டிப் பார்த்தபோது அவை புதைகுழிகள் அல்ல என்று தெரிந்தது. கருவி சொல்வது ஐயம். தோண்டிக் காண்பதே முடிவு.

முதல் ஆய்விலேயே குறைந்தது 50 புதைகுழிகளின் அடையாளம் தெரிந்தது. 2013இல் அனுமதி பெற்று அகழ்ந்தபோது 55 குழிகள் கிடைத்தன. அவற்றுள் 13 மட்டுமே சிலுவைகள் நின்ற இடுகாட்டிற்குள் இருந்தன. மற்றவை புதருக்குள்ளும் மரங்களுக்கடியிலும் கிடந்தன.

எலும்பு சொன்ன பெயர்

குழி கிடைத்தால் போதுமா? அதில் கிடப்பவன் யார்? இதற்கு டி.என்.ஏ. உதவிற்று. நம் உயிரணுக்களில் உட்கருவுக்கு வெளியே மைட்டோகாண்ட்ரியா என்னும் நுண்ணுறுப்புகள் உள்ளன. அவற்றிலும் டி.என்.ஏ. உண்டு. ஓர் உயிரணுவில் அதன் படிகள் நூற்றுக்கணக்கில் இருப்பதால், பழைய எலும்பிலும் அது எஞ்சியிருக்க வாய்ப்பு அதிகம். இது தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைகளுக்கு வருவது. ஆகவே ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளிடம் அது ஒத்திருக்கும்.

ஜார்ஜ் ஓவன் ஸ்மித் என்ற பதினான்கு வயதுச் சிறுவன் 1940இல் அப்பள்ளிக்கு அனுப்பப்பட்டான். சில மாதங்களில், அவன் தப்பியோடி ஒரு வீட்டின் அடியில் இறந்து கிடந்தான் என்று பெற்றோருக்குச் சொல்லப்பட்டது. அவர்கள் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தபோது காட்டப்பட்டது புதிதாக மூடிய ஒரு குழி. அதற்குமேல் கேட்க அவர்களுக்கு வழியில்லை. அவனுடைய தங்கை மட்டும் எழுபதாண்டுகளுக்கு மேலாகத் தேடிக்கொண்டே இருந்தார். 2014 ஆகஸ்டில் அவரது டி.என்.ஏ.வுடன் ஒத்துப்போன எலும்புகளே அப்புதைகுழிகளிலிருந்து முதன்முதலாகப் பெயர் பெற்றவை. 2017இல் மாநிலச் சட்டமன்றம் மன்னிப்புக் கோரியது. 2024இல், இப்பள்ளியிலும் அதன் கிளைப் பள்ளியிலும் துன்புற்றோருக்கென இரண்டு கோடி டாலர் இழப்பீட்டுச் சட்டம் நிறைவேறியது. பெற இருந்தவர்கள் உயிரோடிருந்த முதியவர்கள்.

நமக்கு என்ன?

"கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள் ஐயா" என்று சொல்லி என்னைப் பள்ளியில் சேர்த்தவர் என் தந்தை. அவர் கையெழுத்து மட்டுமே போடத் தெரிந்தவர். அது கொடுமையினால் வந்த சொல்லன்று. தான் காணாத கல்வியின்மேல் வைத்த நம்பிக்கையினால் வந்த சொல். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளியில் அடிப்பதைத் தடை செய்துவிட்டது என்பதை நான்தான் அவருக்கு எடுத்துச் சொன்னேன். "அப்படியா!" என்று கேட்டுக்கொண்டார்.

மரியானாவிற்குப் பிள்ளைகளை அனுப்பிய ஏழைப் பெற்றோரும் 'சீர்திருத்தம்' என்ற சொல்லை நம்பியவர்களே. எழுதப் படிக்கத் தெரியாத வீட்டில், நிறுவனம் சொல்வதே இறுதி வாக்கு. அங்கிருந்து வரும் கடிதத்தைப் படித்து, "உடலைக் காட்டுங்கள், பதிவேட்டைக் காட்டுங்கள்" என்று கேட்க ஓர் ஆள் வேண்டும். பட்டம் பெறும் முதல் தலைமுறைக்கு இதைவிடப் பெரிய கடமை இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

நண்பர்களே! விடுதியோ இல்லமோ பள்ளியோ, பிள்ளைகளை அடைத்து வைக்கும் எந்த இடத்திலும் மூன்று கேள்விகளைக் கேட்போம். உள்ளே எத்தனை பேர்? அவர்கள் பெயர் என்ன? ஒருவர் குறைந்தால் அதற்கு யார் பதில் சொல்வது? இவற்றை உயிரோடிருப்பவர்கள் உரிய காலத்தில் கேட்டுவிட்டால், பேய்கள் வந்து கேட்க வேண்டிய தேவை இராது.