கொப்பியிலே ஒரு பொய்க் கணக்கு

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டி வாழும் குடும்பம் ஒன்றை நாம் அறிவோம். அவ்வீட்டிலே 13 வயதுப் பையன் ஒருவன். நாள்தோறும் நான்கு வேளை இன்சுலின் ஊசி ஏற்றிக்கொள்ள வேண்டியவன். இரத்தத்திலுள்ள சீனியின் அளவைத் தானே பார்த்துக் கொப்பியிலே குறித்து வைப்பான். 120, 130, 115 என்று முத்துமுத்தான இலக்கங்கள்! பெற்ற மனம் பூரித்தது. ஆனால் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் இரத்தப் பரிசோதனை வேறு கதை சொல்லிற்று. இலக்கங்கள் அத்தனையும் கற்பனை.

பையன் ஏன் பொய் எழுதினான்? 250 என்று உள்ளதை எழுதிய நாளெல்லாம் வீட்டிலே விசாரணை நடந்தது. "களவாக என்ன சாப்பிட்டாய், தம்பி?" என்று தாய் அழுவாள், தந்தை பேசாதிருப்பார். அந்த மௌனம் அழுகையிலும் கொடிதன்றோ? சீனியின் அளவு பரீட்சைப் புள்ளியாகிவிட்டால், பிள்ளை புள்ளியைத் திருத்தத்தானே செய்யும்! நாம் பையன் பக்கமே பேசுகிறோம்.

சிறுவரைப் பீடிக்கும் இவ்வகை நீரிழிவு இனிப்புத் தின்றதால் வருவதன்று. உடலின் காவற்படையே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் கலங்களை அழித்துவிடுகின்றது. 1922 ஜனவரியில், கனடாவின் தொரன்ரோ நகரிலே, லெனாட் தொம்சன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்கு இன்சுலின் ஏற்றப்பட்டது. அதற்கு முன்னர் இந்நோய் கண்ட பிள்ளைகள் நெடுநாள் வாழ்ந்ததில்லை. ஊசியை விட்டுப் பாவற்காய்ச் சாறு கொடுக்கச் சொல்லும் உறவினருக்கு நல்ல தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள். ஊசி நின்றால் சில நாட்களிலேயே உயிராபத்து.

பருவ வயதின் சுரப்புகளோ இன்சுலினின் வேகத்தைத் தணிப்பவை. உணவும் ஊசியும் நேற்றைப் போலவே இருந்தும் அளவு இன்று ஏறும். மாலையிலே கடற்கரையில் பந்து விளையாடினால் நள்ளிரவிலே இறங்கும். பிள்ளை வியர்த்து நடுங்கினால், நினைவு தெளிவாயிருக்கும்போதே மூன்று தேக்கரண்டி சீனியைக் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரத்தில் மீண்டும் அளவு பார்க்க வேண்டும். இத்தனையையும் ஒரு பள்ளிச் சிறுவன் தனியே சுமப்பதா? அவன் தானே ஊசி போடுகிறான் என்றால் கை பழகிவிட்டது என்பதே பொருள். மனம் சலிக்காது என்பதன்று.

தாய்மாரே, அளவு ஏறியிருந்தால் "ஏன்?" என்று கேளாதீர்கள். "வைத்தியர் சொன்ன கணக்கைச் சேர்ந்து பார்ப்போமா?" என்று கேளுங்கள்.

இப்போது அவ்வீட்டிலே இரவு ஊசியைத் தந்தை போடுகிறார். சென்ற வாரம் நாம் போயிருந்தபோது பையன் தானாகவே கொப்பியை நீட்டினான். 280 என்று எழுதியிருந்தது; பக்கத்திலே, "கூட்டாளி வீட்டில் இரண்டு பணிஸ்" என்றும்.