பூங்கா வண்டிகளும் தொழிலாளர் பாதுகாப்பும்

பேராதனைத் தாவரவியல் பூங்காவுக்கோ கடலோரத்துப் பெரிய ஹோட்டல்களுக்கோ சென்றோர், ஓசையின்றி ஓடும் சிறிய பற்றறி வண்டிகளைக் கண்டிருப்பர். உல்லாசப் பயணிகள் இவற்றில் சிறிது நேரமே அமர்கின்றனர். இத்தகைய இடங்களில் மண்வெட்டியுடனும் குப்பைப் பொதிகளுடனும் நாள் முழுவதும் இவற்றில் செல்வோர் தொழிலாளர்களே.

கோல்ப் மைதானங்களுக்கென உருவான இவ்வண்டிகளைப் பலரும் விளையாட்டுப் பொருளாகவே கருதுகின்றனர். வேகம் மணிக்கு 25 கிலோமீற்றரைத் தாண்டுவது அரிது என்பது உண்மைதான். ஆயினும் பற்றறிகளுடன் இதன் எடை ஏறத்தாழ 450 கிலோகிராம். கதவுகள் இல்லை, பெரும்பாலானவற்றில் ஆசனப்பட்டியும் இல்லை. பல வண்டிகளில் பிறேக் பின்சக்கரங்களுக்கு மாத்திரமே உண்டு. மழையில் நனைந்த புற்சரிவில் இறங்கும்போது அதை அழுத்தினால் பின்சக்கரங்கள் வழுக்கி, வண்டி பக்கவாட்டில் திரும்பிவிடும். சுமை உயரமாக இருப்பின் கவிழவும் கூடும்.

இவ்வண்டிகள் மிகுதியாகவுள்ள அமெரிக்காவில், 1990 முதல் 2006 வரை ஏறத்தாழ 1,48,000 பேர் இவற்றால் காயமுற்று அவசர சிகிச்சைப் பிரிவுகளுக்குச் சென்றதாக 2008 இல் வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டது. இவர்களுள் விளையாடச் சென்றோரும் சிறுவரும் அடங்குவர். எனினும் நாம் கவனிக்க வேண்டியது, மிகுதியான காயங்களுக்குக் காரணம் மோதலன்று. ஓடும் வண்டியிலிருந்து விழுதலும் குதித்தலுமே என்பதாகும். பின்புற மிதிபலகையில் ஒரு கையால் பிடித்து நின்றபடி செல்லும் தொழிலாளி, வண்டி சடுதியாகத் திரும்பினால் எங்கே விழுவார் என்பதை நாம் சொல்லத் தேவையில்லை.

எமது நாட்டில், தொழிலின்போது காயமுற்றவர் 1934 ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் நட்டஈடு கோரலாம். 2022 ஆம் ஆண்டுத் திருத்தம் அதன் உச்சத் தொகையை 20 இலட்சம் ரூபாவாக உயர்த்தியது. இது வரவேற்கத்தக்கதே. ஆனால் அது விபத்து நேர்ந்த பின்னர் கிடைப்பது. விபத்தைத் தடுப்பதற்கான 1942 ஆம் ஆண்டின் சட்டமோ தொழிற்சாலைகளுக்கென இயற்றப்பட்டது. பூங்காவின் புற்றரை தொழிற்சாலை அன்று.

எனவே சட்டத்துக்குக் காத்திராது, ஆசனமின்றி எவரையும் ஏற்றாதிருக்கவும், சுமையைத் தாழ்வாக வைத்துக் கட்டவும், மழை நாட்களில் சரிவுப் பாதைகளைத் தவிர்க்கவும் நிர்வாகங்கள் இன்றே பணிக்கலாம். இவற்றுக்குச் செலவு ஏதுமில்லை. பட்டி பொருத்துவதற்கு மாத்திரமே சிறிது பணம் வேண்டும்.