தாய்மாரிடம் கேட்ட வைத்தியர்

பிள்ளைகளுக்குப் புற்றுநோய் வருவது ஏன்? 1950களில் இதற்கு விடைதேடிய பிரித்தானியப் பெண் வைத்தியர் அலிஸ் ஸ்டுவர்ட், தாய்மாரிடமே கேட்டார். பிள்ளையை நோய்க்குப் பறிகொடுத்தவர்களிடமும், சுகமாயிருக்கும் பிள்ளைகளின் தாய்மாரிடமும் ஒரே கேள்விகள். கர்ப்பகாலத்தில் வயிற்றில் எக்ஸ்-கதிர்ப் படம் எடுக்கப்பட்டவர்களின் பிள்ளைகளிடையே புற்றுநோய் மரணம் ஏறக்குறைய இருமடங்காக இருந்தது. தாய்மாரின் ஞாபகத்தை நம்பலாமா என்றார்கள் பலர். (பெற்றவளுக்கு மறக்குமா?) 1962இல் அமெரிக்க ஆஸ்பத்திரிப் பதிவேடுகளைக் கொண்டு செய்த ஆய்வும் தாய்மார் பக்கமே சாய்ந்தது. படம் எடுக்குமுன் கர்ப்பமா என்று இன்று கேட்கிறார்கள். கேட்காவிட்டாலும் நாமே சொல்லிவிட வேண்டும்.

பின்னர் அலிஸ், அமெரிக்க ஆய்வாளர் தோமஸ் மன்குசோவுடன் சேர்ந்தார். நாகசாகியில் வீசிய குண்டுக்குப் புளுட்டோனியம் செய்த ஹன்போர்ட் ஆலையின் தொழிலாளரைப் பற்றிய ஆய்வு அது. ‘பாதுகாப்பான’ அளவுக்குள் கதிர்வீச்சுப் பட்டவர்களிடமும் புற்றுநோய் கூடியிருப்பதாக 1977இல் எழுதினார்கள். அரசோ மன்குசோவிடமிருந்து ஆய்வையே எடுத்துவிட்டது. சர்ச்சை பல வருடம் நீண்டது. அலிஸ் 2002இல், 95 வயதில் காலமானார்.

பிரான்ஸ், பிரித்தானியா, அமெரிக்கா ஆகிய நாடுகளின் ஏறக்குறைய 3 இலட்சத்துப் 10 ஆயிரம் அணுத்துறைத் தொழிலாளரை ஆராய்ந்து 2023இல் வெளியான முடிவும், சிறிய அளவுக் கதிர்வீச்சு சேர்ந்தாலும் புற்றுநோய் மரணம் சிறிது கூடுகிறது என்றே சொல்கிறது. அதற்கு முன்பே, 2000இல், அணுவாயுத ஆலைகளில் நோயுற்றோருக்கு நட்டஈடு வழங்க அமெரிக்கா சட்டம் இயற்றியது. தொழிலாளி இறந்திருந்தால் அந்தப் பணம் அவரின் மனைவிக்கு அல்லது கணவருக்குச் சேரும்.