புல்லுக்கு அடிக்கும் எண்ணெய்: கிளைபோசேட் எப்படிக் கொல்கிறது?

குருக்கள்மடத்தில் பாதையேறி வாவியைக் கடந்தால் அம்பிலாந்துறை. அதற்கப்பால் படுவான்கரை வயல்கள் விரிகின்றன. அங்கும், கிழக்கில் எமது மக்கள் வேளாண்மை செய்யும் ஏனைய இடங்களிலும், விதைப்புக்கு முன் வரம்புப் புல்லுக்கு எண்ணெய் அடிப்பது வழக்கம். அந்த எண்ணெய்களில் அதிகம் சர்ச்சைக்குள்ளானது கிளைபோசேட். அரசாங்கம் அதனை 2015இல் தடை செய்தது. 2018இல் தேயிலை, இறப்பர் தோட்டங்களுக்கு மட்டும் அனுமதித்தது. 2022இல் தடை நீக்கப்பட்டது. இத்தனை வாதப் பிரதிவாதங்களுக்கிடையே, அது உண்மையில் என்ன செய்கிறது என்பது அதிகம் பேசப்படவில்லை.

உயிருள்ள ஒவ்வொரு கலத்திலும் வேலைகளைச் செய்து முடிப்பவை நொதியங்கள். தாவரம் தனக்குத் தேவையான மூன்று அமினோ அமிலங்களைத் தானே தயாரிக்கிறது. அந்தத் தயாரிப்பின் ஒரு கட்டத்தில், ஈ.பி.எஸ்.பி. சிந்தேஸ் என்ற நொதியம் இரண்டு பொருட்களை இணைக்கிறது. கிளைபோசேட் அவற்றுள் ஒன்று அமர வேண்டிய இடத்தில் போய் அமர்ந்துகொள்கிறது. துறையில் பாதை வந்து நிற்கும் இடத்தில் வேறொரு தோணியைக் கட்டிவிட்டால் பாதை கரைசேராது அல்லவா? அதுபோலத்தான் இதுவும். நாம் விழுங்கும் கொலஸ்ட்ரோல் மாத்திரையும் ஈரலிலுள்ள வேறொரு நொதியத்தை இவ்வாறே தடுக்கிறது.

இதனால்தான் எண்ணெய் அடித்த அன்றே புல் கருகுவதில்லை. புதிய புரதம் செய்ய முடியாமல் மெல்ல மஞ்சளாகி, நாட்கள் செல்ல வேரோடு மடிகிறது. நெற்பயிரிலும் அதே நொதியம் உண்டு. எனவே காற்றில் பறந்து பயிரில் பட்டால் பயிரும் பாதிக்கப்படும்.

மனித உடலில் அந்த நொதியம் இல்லை. “அப்படியானால் எமக்குத் தீங்கில்லை” என்று சிலர் வாதிடுகின்றனர். இது பாதி உண்மை மட்டுமே.

முதலாவது, போத்தலில் இருப்பது கிளைபோசேட் மட்டுமல்ல. இலையில் ஒட்டிப் பரவுவதற்காகச் சேர்க்கப்படும் பொருட்களும் உள்ளன. அவற்றுள் சில உடலுக்கு அதிக நச்சானவை. இதனை உட்கொண்டு இலங்கை வைத்தியசாலைகளில் சேர்க்கப்பட்ட 601 பேர் பற்றி 2010இல் ஓர் ஆய்வு வெளியானது. அவர்களில் 19 பேர் உயிரிழந்திருந்தனர்.

இரண்டாவது, மண்ணிலும் எமது குடலிலும் வாழும் பல பக்றீரியாக்களில் இந்த நொதியம் இருக்கிறது.

மூன்றாவது, நீண்டகாலப் பாதிப்பு பற்றிய கேள்வி இன்னும் முடியவில்லை. 2015இல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் இதனைப் ‘புற்றுநோயை ஏற்படுத்தக்கூடும்’ என்ற பிரிவில் சேர்த்தது. அதே ஆண்டில் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை அதற்கு மாறான முடிவுக்கு வந்தது. வடமத்திய மாகாணத்துச் சிறுநீரக நோய்க்கு இதுவே காரணம் என்பது முன்வைக்கப்பட்ட கருதுகோள், நிரூபிக்கப்பட்ட முடிவல்ல.

இன்னொன்றும் உண்டு. ஒரே எண்ணெயைத் திரும்பத் திரும்ப அடித்தால், நொதியத்தில் சிறு மாற்றமுள்ள புல் தப்பிப் பெருகும். மலேசியாவில் 1997இலேயே அவ்வாறான புல் கண்டறியப்பட்டது. புல் சாகவில்லை என்று அளவைக் கூட்டுவது செலவையும் நஞ்சையும் மட்டுமே கூட்டும். அந்நிலையில் விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டு, முறையை மாற்றுவதே வழி.

எனவே எண்ணெய் அடிப்போர் கையுறையும் முகக்கவசமும் அணிய வேண்டும். காற்று வீசும் நேரத்தைத் தவிர்க்க வேண்டும். தெளிகருவியை வாய்க்காலில் கழுவக் கூடாது. அந்த நீர் வாவிக்கே போய்ச் சேர்கிறது. சோடாப் போத்தலில் ஊற்றி வீட்டில் வைக்கவே கூடாது. யாராவது குடித்துவிட்டால், லேபலுள்ள போத்தலையும் எடுத்துக்கொண்டு உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

அதிகாரிகளுக்கும் ஒரு கடமை உண்டு. கிணற்று நீரையும் வாவி நீரையும் ஒழுங்காகப் பரிசோதித்து, முடிவுகளைத் தமிழில் மக்களுக்கு அறிவிக்க வேண்டும். தடை போடுவதும் எடுப்பதும் கொழும்பில் நடக்கலாம். அந்த நீரைக் குடிப்பதும் அந்த வாவியின் மீனை உண்பதும் நாம்தான்.