கிணற்றுக்குள் ஓடும் உருளை

எரிவாயுக் கிணறு நாளடைவில் திணறுவது ஏன், தெரியுமா? வாயுவோடு வரும் நீரை மேலேற்ற வலுவின்றிப் போவதால், அது குழாயின் அடியில் தேங்கிவிடுகிறது. 10 மீட்டர் நீர் ஏறக்குறைய 1 வளிமண்டல அழுத்தம் அல்லவா? 300 மீட்டர் தேங்கினால் 30 மடங்கு! அப்படியே விட்டால் கிணறு அடங்கிவிடும்.

அமெரிக்காவில் நியூ மெக்சிகோ போன்ற இடங்களில், இத்தகைய கிணறுகளின் குழாய்க்குள் எஃகு உருளை ஒன்றைப் போடுகிறார்கள். மேலே வால்வை மூடினால் உருளை அடிக்கு இறங்கும். வாயுவின் அழுத்தம் பெருகும். திறந்ததும் வாயு உந்த, உருளை தன்மேல் நிற்கும் நீரைத் தள்ளிக்கொண்டு மேலே வரும். மோட்டாரே வேண்டாம்!

கோளாறு என்றால் உள்ளே எட்டிப் பார்க்க முடியாது. கடிகாரமும் அழுத்தமானியுமே துணை. உருளைக்கு ஏற்ற வேகம் நிமிடத்துக்குச் சுமார் 230 மீட்டர், அதாவது மிதிவண்டி வேகம்தான். 2,300 மீட்டர் ஆழத்திலிருந்து வர 10 நிமிடம். 20 நிமிடம் ஆனால்? நீர்ச்சுமை மிகுதியாக இருக்கலாம். உருளை தேய்ந்து, ஓரமாக வாயு கசியலாம். எது என்று அறிய, வால்வு மூடியிருக்கையில் வெளிக்குழாய் அழுத்தத்திலிருந்து உட்குழாய் அழுத்தத்தைக் கழியுங்கள். வித்தியாசம் 5 வளிமண்டலமானால் நீர் சுமார் 50 மீட்டர். வழக்கமான சுமைதான் என்றால் உருளையைச் சோதிக்க வேண்டியதுதான்.

5 நிமிடத்தில் வந்துவிட்டால் மகிழாதீர்கள்! வேகம் இரு மடங்கு; இயக்க ஆற்றலோ நான்கு மடங்கு. நீரின்றி வரும் உருளை, உச்சியிலுள்ள சுருள்வில்லையே நொறுக்கக்கூடும். அடுத்த முறை வால்வை மூடுமுன் வாயுவை இன்னும் சிறிது நேரம் ஓடவிட்டு, அடியில் நீர் சேரவிடுவார்கள்.