குதிகால் மூட்டுக்கும் ஒட்டுக் கட்டலாம்!

பொள்ளாச்சி, ஆனைமலை, உடுமலை பக்கம் தென்னந்தோப்பு வைத்திருப்பவர்களுக்கு இது தெரிந்த கதை. மரத்திலிருந்து விழுந்தவர் பிழைத்துக்கொள்கிறார், எலும்பும் கூடிவிடுகிறது. ஆனால், ஓரிரு வருடம் கழித்தும் வரப்பில் கால் வைத்தால் குதிகால் வலி உயிரை எடுக்கிறது. வலி மாத்திரையோடு காலம் தள்ளுபவர்கள் பலர். இந்த வலிக்கு வழி இருக்கிறது. சிதைந்த மூட்டை அசையாமல் இணைத்துவிடும் அறுவை சிகிச்சைதான் அது. பொருத்தமானவர்களுக்கு இதைச் சிறு துளைகள் வழியாகவே செய்ய முடிகிறது.

வலி எங்கிருந்து வருகிறது?

பாதத்தில் மொத்தம் 26 எலும்புகள். உயரத்திலிருந்து காலூன்றி விழும்போது, உடம்பின் எடை முழுக்கக் குதிகால் எலும்பில் இறங்குகிறது. அதற்கும் அதன்மேல் உட்கார்ந்திருக்கும் கணுக்கால் எலும்புக்கும் நடுவே உள்ள மூட்டுதான் பாதத்தை உள்பக்கமும் வெளிப்பக்கமும் சாய்க்கிறது. உழுத காட்டில் தடுமாறாமல் நடப்பது இதனால்தான். குதிகால் நொறுங்கும்போது, இந்த மூட்டின் வழவழப்பான குருத்தெலும்பும் சிதைகிறது. அது பழையபடி வளராது. பிறகு எலும்போடு எலும்பு உரசுகிறது, அதுதான் வலி.

ஒட்டு மா மாதிரிதான்!

மாவில் ஒட்டுக் கட்டும்போது, இரண்டு தண்டுகளையும் சீவி, சீவிய பகுதிகளைச் சேர்த்து, அசையாமல் இறுக்கிக் கட்டுவார்கள். இங்கும் அதே மூன்று வேலைகள்தான். சுமார் ஒரு சென்டிமீட்டர் அளவுள்ள சில துளைகள் போட்டு, ஒன்றில் கேமரா பொருத்திய மெல்லிய குழாயையும், மற்றதில் கருவியையும் நுழைப்பார்கள். மிச்சமிருக்கும் குருத்தெலும்பைச் சுரண்டி எடுப்பார்கள். பிறகு எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி, குதிகால் வழியாகத் திருகாணிகளைச் செலுத்தி இரண்டு எலும்புகளையும் இறுக்குவார்கள். நாளடைவில் இரண்டும் ஒரே எலும்பாகிவிடும்.

குதிகால் பக்கத்துத் தோல் மெலிது. நீளமாகக் கீறினால் புண் ஆறத் தாமதமாகலாம். சர்க்கரை நோயாளிகளுக்கு இந்தச் சிக்கல் அதிகம். துளை வழியாகச் செய்வதன் முக்கிய லாபம் இதுதான். ஆனால், குதிகால் உயரம் குறைந்து, கோணலாகிப் போனவர்களுக்கு இது போதாது. திறந்து செய்து, வேறிடத்து எலும்பை வைத்து நிமிர்த்த வேண்டியிருக்கும். சி.டி. ஸ்கேன் பார்த்து மருத்துவர் முடிவு செய்வார்.

ஒட்டு பிடிக்க என்ன செய்ய வேண்டும்?

பொதுவாக ஆறு வாரம் அந்தக் காலை ஊன்றக் கூடாது. எலும்பு நன்றாகக் கூட மூன்று மாதம் ஆகலாம். பீடி, சிகரெட்டை அறவே விட வேண்டும். புகைப்பவர்களுக்கு எலும்பு கூடாமல் போகும் ஆபத்து அதிகம். சர்க்கரையும் கட்டுக்குள் இருக்க வேண்டும். எனவே, நடவு, அறுவடை இல்லாத பருவமாகப் பார்த்துத் தேதி வாங்குவது நல்லது.

மறுபடி மரம் ஏறலாமா?

இதைச் சிகிச்சைக்கு முன்பே கேட்டுவிட வேண்டும். வலி பெரும்பாலும் அடங்கும். பாதத்தை மேலும் கீழும் அசைக்கலாம். ஆனால், பக்கவாட்டில் சாய்க்கும் அசைவு திரும்ப வராது. மேடுபள்ளத்தில் கவனமாக நடக்க வேண்டும். பல வருடங்களில் பக்கத்து மூட்டுகளும் தேயலாம். மரமேறும் தொழிலுக்குத் திரும்புவது பெரும்பாலானவர்களுக்குச் சிரமமே. நாற்றங்கால், தோப்புக் காவல் போன்ற மாற்று வேலையைத் தோப்புக்காரரும் சேர்ந்து யோசிக்க வேண்டும்.

எங்கே போவது?

கை, கால் காயச் சிகிச்சையில் கோவைக்குத் தனிப் பெயர் உண்டு. சிதைந்த காலைக் காப்பாற்ற முடியுமா என்று கணிக்கும் புள்ளி முறை ஒன்று, 1978-ல் தொடங்கிய இங்குள்ள கங்கா மருத்துவமனையின் பெயராலேயே உலகெங்கும் அறியப்படுகிறது. வசதி குறைந்தவர்கள் கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் எலும்பு முறிவுப் பிரிவை அணுகலாம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால், இந்தச் சிகிச்சை அதில் வருமா என்று அங்குள்ள காப்பீட்டு உதவி மையத்தில் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

விழுந்த உடனே...

காலை இழுப்பது, எண்ணெய் போட்டு நீவுவது கூடவே கூடாது. குதிகால் உடைந்தவர்களில் சிலருக்கு முதுகெலும்பும் உடைந்திருக்கும். அதனால் எழுப்பி உட்கார வைக்காமல், 108-க்குச் சொல்லிவிட்டு, பலகையில் படுக்க வைத்தே தூக்குங்கள். உள்ளே நொறுங்கிய மூட்டை வெறும் கட்டுப் போட்டுச் சரிசெய்ய முடியாது. முதல் சில நாள்களில் சரியான சிகிச்சை கிடைத்தால், மூட்டை இணைக்க வேண்டிய நிலையையே பலருக்குத் தவிர்க்கலாம்.