நினைவு வைக்கும் தடையி

மெம்ரிஸ்டர் என்பது தன் வழியே முன்பு பாய்ந்த மின்னோட்டத்தை நினைவில் வைத்திருக்கும் தடையி. தடையி, கொள்ளளவி, தூண்டி ஆகியவற்றோடு நான்காவதாக இப்படியொன்று இருக்க வேண்டுமென்று பேர்க்லியில் லியோன் சுவா 1971இல் கணக்கிட்டுக் காட்டினார். 2008இல் எச்.பி. ஆய்வுகூடத்தின் ஸ்டான்லி வில்லியம்ஸ் குழு அதைக் கையில் கொண்டுவந்தது.

குழு எடுத்த பொருள் தைத்தேனியம் ஈரொட்சைட்டு. இலங்கையில் புல்மோட்டையிலிருந்து கொக்கிளாய்க் கரைவரை கறுத்துக் கிடக்கும் கனிய மணலில் உள்ள ரூட்டைல் இதே பொருள்தான். அதே மணலில் உள்ள இல்மனைட்டில் தைத்தேனியத்தோடு இரும்பும் சேர்ந்திருக்கும்.

50 நனோமீற்றர் அகலமான இரு கம்பிகள் குறுக்கிடும் இடத்தில் தைத்தேனியம் ஈரொட்சைட்டின் மெல்லிய படலம் இருக்கிறது. படலத்தின் ஒரு பக்கத்தில் ஒட்சிசன் அணுக்கள் வேண்டுமென்றே குறைக்கப்படுகின்றன. தூய ஈரொட்சைட்டு மின்னை அரிதாகவே கடத்தும். ஒட்சிசன் குறைந்த பகுதி நன்றாகக் கடத்தும். ஒட்சிசன் விட்டுப்போன வெற்றிடங்கள் நேரேற்றம் உள்ளவை போல் நடப்பதால், ஒரு திசையில் வோல்ற்றளவு கொடுத்தால் அவை தூய பக்கத்துக்கு நகரும், தடை இறங்கும். திசையை மாற்றினால் பின்வாங்கும், தடை ஏறும். மின்னை நிறுத்தினால், பாதி திறந்துவிட்ட குளத்துத் துருசு ஆள் இல்லாமலே பாதியில் நிற்பதுபோல, அவை நின்ற இடத்திலேயே நிற்கும். பொருளில் உள்ள குறையே இங்கு நினைவாகிறது. இச்சாதனத்தின் மிகப் பெரிய வியப்பு இதுதான்.

இணைப்புகளை மாற்றியமைக்கக்கூடிய எஃப்.பி.ஜி.ஏ. சில்லுகளில், எந்த இணைப்பு திறந்தது என்ற தகவல் பெரும்பாலும் திரான்சிற்றர்களில் இருக்கும். மின் போனால் அது அழியும். இடமும் நிறையப் பிடிக்கும். மெம்ரிஸ்டரே இணைப்பாகவும் நினைவாகவும் இருந்தால் இரண்டு சிக்கலும் தீரும். எச்.பி. குழு 2009இல் மெம்ரிஸ்டர் வலையைத் திரான்சிற்றர் அடுக்கின்மேல் ஏற்றி இதைச் செய்துகாட்டியது. மெம்ரிஸ்டர் திறந்தது, மூடியது என்ற இரு நிலைகளோடு நிற்பதில்லை: பெங்களூர் இந்திய அறிவியல் கழகம் 2024இல் வெளியிட்ட, மெம்ரிஸ்டராக இயங்கும் மூலக்கூற்றுப் படலம் 16,500 கடத்துநிலைகளை ஏற்கிறது.

ஒரு சாதனத்துக்கு வேண்டிய தைத்தேனியம் தூசியளவுகூட இல்லை. ஆகவே மணல் இருப்பதால் மட்டும் சில்லு வந்துவிடாது. தூய்மையாக்கும் வேதியியலும் படலம் பூசும் வெற்றிடக் கருவியும் பழகிய கைகளும் வேண்டும். இலங்கையின் கனிய மணல் பல தசாப்தங்களாகப் பெரும்பாலும் மூலப்பொருளாகவே கப்பலேறுகிறது. கரையோர மக்களின் எதிர்ப்புக்கு நடுவே தோண்டப்படும் மணல் இவ்வளவு மலிவாகப் போகக்கூடாது. கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் பீடம் இருக்கையில், இம்மணலைப் படலமாக்கிப் பார்க்கும் பயிற்சியை அங்கேயே தொடங்கலாம்.

மெம்ரிஸ்டர் பெருமளவில் சந்தைக்கு வராததற்கு முக்கிய காரணம், ஒன்றுபோல் மற்றொன்று அமையாமை. மெம்ரிஸ்டரில் ஒரு மதிப்பை எழுதியதும் தடையை அளந்து, வேண்டிய அளவு வரும்வரை சிறு துடிப்புகளால் திரும்பத் திரும்பத் திருத்துவதே இதற்குக் கைக்கொள்ளும் வழி.